குரல் கொடுத்தவள் பெயர் எங்கே?

பங்குனி உத்திரம் வந்துவிட்டால் மயிலம் மலையடிவாரத்தில் கூட்டம் அலைமோதும். திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பஸ்கள் நிரம்பி வரும். கூட்டேரிப்பட்டில் இறங்கி நடந்தே வருகிறவர்களும் உண்டு. சூரபத்மன் மயில் உருவம் வேண்டித் தவம் செய்த மலை இது என்று தலபுராணம் சொல்கிறது. காவடியும் பாட்டும் இல்லாமல் இந்த மலையில் திருவிழா ஏது?

முருகன் பாட்டு என்றதும் தமிழ் மக்கள் பலருக்கு ஒரு பெண்ணின் குரல் நினைவுக்கு வரும். கணீர் என்ற குரல். ஒலிபெருக்கி இல்லாமலே ஊருக்குக் கேட்கக்கூடிய குரல். அது கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளின் குரல்.

அவர் மறைந்தது 1980-ம் ஆண்டு. ஆனாலும் அவர் பெயரை இன்றும் சொல்கிறோம். நேற்று வந்த ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். செல்போனில் பத்து முறை கேட்டிருப்போம். படத்தின் பெயர் தெரியும். கதாநாயகன் பெயர் தெரியும். பாடிய பெண் யார் என்று கேட்டால் விழிக்கிறோம்!

இது சின்ன விஷயம் என்று சிலர் நினைக்கலாம். சின்ன விஷயம் அல்ல. பெயர் இருக்கும் இடத்தில்தான் பணமும் இருக்கும். பெயர் போனால் பங்கும் போகும். பாடத் தெரிந்த பெண் பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

ரயிலில் பாடிய சிறுமி

சுந்தராம்பாள் பிறந்தது 1908-ம் ஆண்டு. ஊர், காவிரிக் கரையில் உள்ள கொடுமுடி. ஏழைக் குடும்பம். தகப்பனாரைச் சிறு வயதிலேயே இழந்தார். ரயிலில் பாடிப் பிழைத்தார் என்று அவருடைய வரலாற்றைச் சொல்வோர் சொல்கிறார்கள். பாட்டு ஒன்றுதான் அவருக்கு இருந்த சொத்து.

நாடகக் கம்பெனி அவரை மேடைக்குக் கொண்டு வந்தது. இலங்கைக்கு நாடகமாடப் போனார். செங்கோட்டையைச் சேர்ந்த எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் சேர்ந்து நடித்தார். இரண்டு பேரும் பாடினால் கொட்டகை நிரம்பி வழிந்தது. பிறகு இருவரும் மணம் செய்துகொண்டார்கள்.

நாடகப் பாட்டை எத்தனை பேர் கேட்க முடியும்? கொட்டகையில் உள்ளவர்கள் கேட்கலாம். வெளியே நிற்பவர்கள் கொஞ்சம் கேட்கலாம். விடிந்தால் பாட்டும் போய்விடும். இந்தக் குறையைத் தீர்க்க ஒரு பெட்டி வந்தது. அதுதான் கிராமபோன்.

மூன்று நிமிஷப் பாட்டு

அந்தக் காலத்து இசைத்தட்டு இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வட்டமான கறுப்புத் தட்டு. மரத்தில் வாழும் அரக்குப் பூச்சி தரும் அரக்கைக் கலந்து செய்தது. கீழே விழுந்தால் அப்பளம் போல் நொறுங்கும். நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிஷப் பாட்டுதான் அடங்கும். மேடையில் அரை மணி நேரம் பாடிய பாட்டை மூன்று நிமிஷத்தில் பாடி முடிக்க வேண்டும். நடுவில் தவறினால் முதலிலிருந்து மறுபடி பாட வேண்டும். வெட்டி ஒட்டும் வசதி அப்போது கிடையாது.

சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் அப்படிப் பாடிக் கொடுத்தார்கள். தட்டுகள் ஊர் ஊராகப் போயின. கிராமபோன் பெட்டி உள்ள பெரிய வீட்டுத் திண்ணையில் தெருவே கூடியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் நாடகமாடும் பெண் என்றால் சமூகம் மதிக்காது. கைதட்டிப் பாட்டுக் கேட்பார்கள். வீட்டுக்கு அழைக்கமாட்டார்கள். ஆனால் மேடைப் பெண் என்று முகம் சுளித்த வீட்டின் கூடத்திலேயே அவருடைய தட்டு சுழன்றது! அந்த வீட்டுப் பெண்கள் அடுப்படியில் நின்றபடி அவர் பாட்டைக் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள். ஆள் நுழைய முடியாத இடத்திலும் குரல் நுழைந்தது.

காந்தியடிகளைப் பற்றிப் பாடினார். கதரைப் பற்றிப் பாடினார். சுதந்திரப் போராட்டப் பாட்டுகளும் தட்டில் வந்தன. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி அவரைத் தேர்தல் மேடைகளுக்கு அழைத்தார். படிக்கத் தெரியாத மக்களிடம் பத்திரிகை செய்ய முடியாத வேலையை அந்தத் தட்டுகள் செய்தன.

ஒரு லட்ச ரூபாய்

1933-ம் ஆண்டு டிசம்பரில் கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25. வெள்ளைப் புடவை உடுத்தினார். நாடக மேடையை விட்டு ஒதுங்கினார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார்.

இதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அவர் வீட்டு வாசலுக்குப் படமெடுப்பவர் வந்தார். 1935-ம் ஆண்டு 'நந்தனார்' படம் வெளிவந்தது. நந்தனாராகவே சுந்தராம்பாள் நடித்தார். ஆண் வேடம்! அதற்கு அவர் பெற்ற சம்பளம் ஒரு லட்ச ரூபாய். ஒரு பவுன் தங்கம் முப்பது ரூபாய்க்கும் குறைவாக விற்ற காலம் அது. நாடே வியந்தது.

ஒரு லட்சம் ஏன் கொடுத்தார்கள்? அழகுக்காகவா? இளமைக்காகவா? இல்லை. அந்தக் குரல் யாருடையது என்பது ஊருக்கெல்லாம் தெரியும். நாடக நோட்டீசில் அவர் பெயர் இருந்தது. தட்டின் நடுவே ஒட்டிய வட்டச் சீட்டில் அவர் பெயர் இருந்தது. அந்தப் பெயரைப் போட்டால் ஜனங்கள் டிக்கெட் வாங்குவார்கள் என்பது முதலாளிக்குத் தெரிந்திருந்தது. ரயிலில் பாடிய சிறுமி தன் விலையைத் தானே சொல்லும் நிலைக்கு உயர்ந்தது இப்படித்தான்.

பிறகு 1953-ல் ஜெமினியின் 'ஔவையார்' வந்தது. 1965-ல் 'திருவிளையாடல்' படத்தில் கோபித்துக்கொண்டு போன பால முருகனைப் பாட்டாலேயே சமாதானம் செய்தார். 1969-ல் வந்த 'துணைவன்' படத்தில் பாடியதற்குச் சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருது பெற்றார். 1970-ல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. சென்னைச் சட்ட மேலவையிலும் உறுப்பினராக இருந்தார். எல்லாவற்றுக்கும் முதல் படி அவருடைய குரலும், குரலோடு ஒட்டியிருந்த பெயரும்தான்.

குரல் வேறு, முகம் வேறு

சினிமா வளர்ந்தது. பாட்டு ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது என்ற முறை வந்தது. இசைத்தட்டு வியாபாரத்தில் தொடங்கிப் படத் தொழிலுக்கு வந்த ஏவி. மெய்யப்ப செட்டியார், 1938-ல் 'நந்தகுமார்' படத்தில் இந்த முறையைக் கையாண்டார். இதனால் நன்மை உண்டு. நடிக்கத் தெரியாத நல்ல பாடகிக்கு வேலை கிடைத்தது. பாடத் தெரியாத நல்ல நடிகைக்கும் வேலை கிடைத்தது.

ஆனால் குரலுக்கு உரியவர் திரைக்குப் பின்னால் போய்விட்டார். 1949-ல் வந்த 'மகல்' என்ற இந்திப் படத்தில் ஒரு பாட்டு நாடெங்கும் பரவியது. அதன் இசைத்தட்டில் பாடியவர் பெயர் 'காமினி' என்று அச்சாகியிருந்தது. காமினி யார்? கதையில் வரும் பெண்! பாடியவர் யார் என்று கேட்டு ரேடியோ நிலையத்துக்குக் கடிதங்கள் குவிந்தன. அதன் பிறகுதான் லதா மங்கேஷ்கர் என்ற இருபது வயதுப் பெண்ணின் பெயர் வெளியே வந்தது. பின்னாளில் பாடுகிறவர்களுக்கும் ராயல்டி வேண்டும் என்று வாதாடியவர் அதே லதாதான்.

ராயல்டி என்றால் என்ன? பாட்டு விற்கும்போதெல்லாம், ஒலிக்கும்போதெல்லாம் கிடைக்கும் வருமானத்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான். குத்தகை நிலத்துக்கு ஆண்டுதோறும் குத்தகை வருகிறது அல்லவா? அதைப் போன்றது. மொத்தமாகப் பணம் வாங்குவது நிலத்தையே விற்றுவிடுவது போன்றது. விற்ற நிலத்தில் பிறகு எவ்வளவு விளைந்தாலும் விற்றவருக்கு ஒரு படி நெல் கிடையாது.

"சாமி பாட்டுக்குக் கூலியா?"

பக்திப் பாட்டு பாடிவிட்டுப் பங்கு கேட்பது நியாயமா என்று சிலர் கேட்பார்கள். அதற்கு எம்.எஸ். சுப்புலட்சுமியின் வாழ்க்கையே பதில் சொல்லும்.

அவர் 1926-ம் ஆண்டு, பத்து வயதிலேயே தட்டில் பாடியவர். 'சேவாசதனம்', 'சகுந்தலை', 'மீரா' என்று படங்களில் நடித்தவர். 1963-ல் அவர் பாடிய வேங்கடேச சுப்ரபாதம் இன்றும் விடியற்காலையில் வீடு வீடாகக் கேட்கிறது. அதுபோன்ற பக்தி இசைத்தட்டுகளின் ராயல்டியை அவர் திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்கும் பிற தருமங்களுக்கும் எழுதிக் கொடுத்தார்.

தன் பெயரில் பங்கு இருந்ததால்தான் அவரால் அதைத் தருமம் செய்ய முடிந்தது. கையில் இல்லாததை யார் கொடுக்க முடியும்? தருமம் செய்வதா, குழந்தைகளைப் படிக்க வைப்பதா, வீடு கட்டுவதா என்பதைப் பாடியவர் முடிவு செய்யட்டும். பாட்டை வாங்கியவர் முடிவு செய்யக் கூடாது.

சட்டம் சொல்வது

நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம் 1957-ம் ஆண்டு வந்தது. பாடுகிறவர்களுக்கும் நடிப்பவர்களுக்கும் தனி உரிமை உண்டு என்பது 1994-ல் செய்த திருத்தத்தில் வந்தது. 2012-ல் இன்னொரு திருத்தம் வந்தது. அது முக்கியமானது.

பாடியவர் இன்னார் என்று அடையாளம் சொல்லப்பட வேண்டும் என்பது ஓர் உரிமை. பாட்டை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் பாடியவருக்கு ராயல்டி உண்டு என்பது மற்றோர் உரிமை. படத்துக்காகப் பாடினாலும் இந்தப் பங்கு உண்டு. 2013-ல் பாடகர்களே தங்களுக்கு ஒரு சங்கம் அமைத்துப் பங்கு கேட்கத் தொடங்கினார்கள்.

கம்பெனிக்காரர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. முதல் போடுகிறவர்கள் அவர்கள். பத்துப் பாட்டு போட்டால் ஒன்றுதான் ஓடும். மற்ற ஒன்பதின் நஷ்டம் அவர்கள் தலையில்தான். அதை மறுக்கவில்லை. லாபத்தில் பெரும் பங்கை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் ஓடிய ஒரு பாட்டிலிருந்து பாடியவளுக்குச் சிறு பங்கு கொடுத்தால் கம்பெனி கவிழ்ந்துவிடாது.

இன்றைய நிலை

இன்று இசைத்தட்டும் இல்லை. கேசட்டும் போய்விட்டது. வீட்டில் உட்கார்ந்து பாடி, அன்றைக்கே உலகத்துக்குக் கேட்கச் செய்யலாம். படத்தில் இடம்பெறாத தனிப் பாட்டும் பிரபலமாகிறது. இளம் பெண்களுக்கு இது நல்ல காலம் என்றே சொல்ல வேண்டும்.

சுருதிஹாசனைப் பாருங்கள். 1992-ல் 'தேவர் மகன்' படத்தில் சிறு குழந்தையாகப் பாடினார். 2009-ல் 'உன்னைப்போல் ஒருவன்' படத்துக்கு இசையமைத்தார். நடிகையாகிப் பல மொழிகளில் நடித்தார். அதோடு நிற்கவில்லை. 2020-ல் 'எட்ஜ்' என்ற ஆங்கிலத் தனிப்பாட்டைத் தானே எழுதிப் பாடி வெளியிட்டார். 2024-ல் 'இனிமேல்' என்ற தமிழ்ப் பாட்டுக்கு இசையமைத்து, பாடி, அதில் நடிக்கவும் செய்தார். குரலும் முகமும் மறுபடி ஒருவரிடமே சேர்ந்துவிட்டன. சுந்தராம்பாள் காலத்து நிலை புதிய உடையில் திரும்பியிருக்கிறது!

ஆனால் அவர் கமல்ஹாசன், சரிகா என்ற இரு நட்சத்திரங்களின் மகள். ஒப்பந்தம் என்றால் என்ன என்பது அந்த வீட்டுக்குத் தெரியும். மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்து, பள்ளி ஆண்டு விழாவில் பாடிக் கைதட்டு வாங்கும் பெண்ணுக்கு அது தெரியுமா? அவளுடைய தகப்பனாருக்குத் தெரியுமா?

பெயர் பெற்றவர்களுக்கே சிக்கல் வருகிறது. 2021-ல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டைக் கேட்காதவர் இல்லை. தீயும் அறிவும் பாடிய பாட்டு. பல கோடி முறை கேட்கப்பட்டது. அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாவும் வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024-ல் வெளிப்படையாகச் சொன்னார். அந்த வழக்கில் நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பாட்டு ஓடிவிட்டால் பணம் தானாக வரும் என்று நம்பியிருக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம்.

பெற்றோர்களே, கவனியுங்கள்!

உங்கள் பெண் நன்றாகப் பாடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வருகிறார். "முருகன் பாட்டு ஆல்பம் போடுகிறேன். ஐயாயிரம் தருகிறேன். பாப்பாவைப் பாடச் சொல்லுங்கள்" என்கிறார். சந்தோஷமாகப் போங்கள். ஆனால் போவதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

முதல் கேள்வி: பெயர் எங்கே வரும்? பாட்டு வெளியாகும் இடத்திலெல்லாம் பாடியவர் பெயர் வருமா என்று கேளுங்கள். வரும் என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இரண்டாவது: பத்திரம் எங்கே? உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தெரிந்த ஆசிரியரிடமோ வக்கீலிடமோ காட்டுங்கள். உங்களுக்கு ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: எத்தனை ஆண்டு? எந்தெந்த நாட்டில்? பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். அதனால்தான் "என்றென்றைக்கும், உலகம் முழுவதும்" என்று சிலர் எழுதிக்கொண்டு வருகிறார்கள். அந்த வரியைப் பார்த்தால் நின்று யோசியுங்கள்.

நான்காவது: பங்கு உண்டா? இன்று ஐயாயிரம் சரி. பாட்டு ஓடினால் நாளைக்கு என்ன? அதற்கும் ஒரு வரி பத்திரத்தில் இருக்கட்டும்.

பெண்ணுக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை என்றால் அவள் போடும் கையெழுத்து செல்லாது. பெற்றோர்தான் பொறுப்பு. வருகிற பணத்தை அவள் பெயரிலேயே தபாலாபீசிலோ பாங்கியிலோ போடுங்கள். அது அவள் உழைப்பு. அண்ணன் வாங்கும் மோட்டார் சைக்கிளுக்கு அது முன்பணம் அல்ல!

கேட்பவர்களுக்கும் கடமை உண்டு

கோயில் விழாக் குழுவினர் கச்சேரி நோட்டீஸ் அடிக்கிறார்கள். நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் ஐம்பது இருக்கும். படம் இருபது இருக்கும். பாட வருகிற பெண்ணின் பெயர் "மற்றும் குழுவினர்" என்பதற்குள் ஒளிந்திருக்கும். அவள் பெயரைத் தனி வரியில் போட்டால் அச்சுக் கூலி கூடிவிடாது.

பள்ளி ஆசிரியர்கள் பாட்டு சொல்லித் தரும்போது எழுதியவர் பெயரையும் பாடியவர் பெயரையும் சேர்த்துச் சொல்லித் தரட்டும். வாசித்துப் பழகும் பிள்ளைகளுக்கு அதுவே ஒரு பாடம். செல்போனில் பாட்டு வந்தால் அதன் கீழே உள்ள எழுத்தைப் படித்துப் பாருங்கள். பெயர் இல்லை என்றால் "பாடியவர் யார்?" என்று எழுதிக் கேளுங்கள். 1949-ல் லதாவின் பெயரை வெளியே கொண்டு வந்தது எது? ஜனங்கள் எழுதிய கடிதங்கள்தான்.

பழைய தட்டுகளுக்கும் இது பொருந்தும். ஒரு தட்டு வெளியாகி 60 ஆண்டு கழிந்தால் கம்பெனியின் உரிமை முடிந்துவிடும். பிறகு அதைப் பரப்பக் கம்பெனியின் அனுமதி தேவையில்லை. சுந்தராம்பாளின் பழைய தட்டுகள் அந்த எல்லையைக் கடந்துவிட்டன. பணக் கடன் தீர்ந்தது. பெயர்க் கடன் தீருமா? அவற்றைப் பரப்புகிறவர்கள் அவர் பெயரை விட்டுவிடக் கூடாது. உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துத் தட்டு கிடந்தால் பழைய சாமான்காரருக்கு எடை போட்டுவிடாதீர்கள். சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் பழைய புத்தகங்களோடு இசைத்தட்டுகளையும் பாதுகாத்து வருகின்றன.

பாடுகிற பெண்ணைப் பழிக்கும் காலம் பெரும்பாலும் மலையேறிவிட்டது. அது நல்லது. இப்போது பழிப்பதில்லை, மறந்துவிடுகிறோம். வயலில் நாற்று நட்டவளுக்கு அன்று மாலையே கூலி கொடுக்க வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். பாட்டு பாடியவளுக்கும் அதே நியாயம்தான். பெயரைச் சொல்லுங்கள். பங்கைக் கொடுங்கள். கொடுமுடியில் பிறந்த ஏழைப் பெண் உயர்ந்தது போல, நம் பக்கத்து ஊர்ப் பெண்ணும் நாளைக்கு உயர்வாள்.